மீனுக்கு விளாவிய தண்ணீர்

படித்த மருமகள் என்றால் எல்லாருக்கும் பெருமைதான். வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வார்கள். அவள் அந்தப் படிப்பைக் கொண்டு ஏதாவது செய்யக் கிளம்பினால்தான் வீட்டில் ஒவ்வொருவருக்கும் தலைவலி வரும்.

நான் மெட்ரிக் பாஸ் செய்துவிட்டு ஆஸ்டின் டவுனில் வாழ்க்கைப்பட்டேன். (தெருவிலேயே மெட்ரிக் பாஸான பெண் நான் ஒருத்திதான். இதை யாரும் மறந்துவிடாதபடி பார்த்துக்கொண்டேன். அப்படி ஒரு திமிர்.) மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இடம் காலியாக இருந்தது. பூசை முடிந்து வரும்போது சிஸ்டரே கூப்பிட்டு, வீட்டில் சம்மதித்தால் ஜூனில் வந்து சேரச் சொன்னார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் வீட்டுக்காரர், அப்பாவைக் கேள் என்று நழுவிக்கொண்டார். மாமனாரைக் கேட்டேன்.

"கோலாருக்குக் கல்யாணத்துக்குப் போறேன். வந்து பேசிக்கலாம். அதுவரைக்கும் மீனைப் பாத்துக்கம்மா," என்றார்.

மாமா ரயில்வேயில் ஹெட் கிளார்க். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடித் தொட்டியில் நாலு தங்கமீன் வளர்த்தார். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை (சொன்னது அந்தப் பெற்ற பிள்ளையே, என் வீட்டுக்காரர்). தண்ணீர் மாற்றுவது ஒரு சடங்கு. குழாய்த் தண்ணீரில் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும்; மீனுக்கு அது ஆகாது. கரியும் மணலும் போட்ட பானைகளில் சொட்டச் சொட்ட வடிகட்டி, கொல்லையில் சிமெண்டுத் தொட்டியில் இரண்டு நாள் திறந்து வைக்கவேண்டும். ஊற்றுமுன் வெந்நீர் கலந்து, பழைய தண்ணீரும் புதிதும் கைக்கு ஒன்றுபோல் படும்படி விளாவவேண்டும். ஜனவரிக் குளிரில் அப்படியே ஊற்றினால் மீன் விறைத்துப்போகும்.

வேலைக்கு வைத்த பரீட்சை இதுதான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். பானைகளுக்கு முன்னால் காவல் உட்கார்ந்து சொட்டுகளை மேற்பார்வை பார்த்தேன். வடிந்த தண்ணீரைக் கொல்லைக்குக் கொண்டுபோகும்போது மாமியார் தடுத்தார்.

"அந்தத் தொட்டியில காக்கா குளிக்குது. உன் செப்புத் தவலைதான் சும்மா கெடக்கே, அதுல ஊத்தி வையேன். செம்புல இருந்தா தண்ணி சுத்தமாயிடும்."

அது கல்யாணச் சீராக என்னோடு வந்த தவலை. அத்தை வாயால் அதற்கு ஒரு நல்ல வார்த்தை வந்ததே முதல் தடவை. புளி போட்டுத் தேய்த்தேன், முகம் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, பச்சைக் குழந்தைக்கு விளாவுவதுபோல் முழங்கையை விட்டு விட்டுப் பார்த்து, பதமாக ஊற்றினேன்.

மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நன்றி சொல்கின்றன என்று நினைத்தேன். (மெட்ரிக்கில் இதெல்லாம் சொல்லித் தரவில்லை.) கொஞ்ச நேரத்தில் ஒன்று ஒருக்களித்தது. பதறிப்போய், தண்ணீரின் சுத்தம் போதவில்லை என்று தவலையில் மிச்சமிருந்ததையும் விளாவி ஊற்றினேன். சாயங்காலத்துக்குள் நாலும் மிதந்தன.

மாமா வந்து தொட்டியைப் பார்த்தார். நான் சொன்னபடி செய்தாயா என்று கேட்டார். எல்லாம் அப்படியேதான், தண்ணீரை மட்டும் தவலையில் வைத்தேன் என்று சொல்லி, அத்தையைப் பார்த்தேன். அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு என்னங்க தெரியும்? படிச்ச புள்ள, அது இஷ்டத்துக்குச் செய்யுது," என்றார் தலை நிமிராமல்.

மாமா காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். "நாலு மீனைக் காப்பாத்தத் தெரியல. நாப்பது புள்ளைங்களை இவ கையில குடுக்கணுமாம்."

என் வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். ஜூனில் அந்த இடத்துக்கு வேறு யாரோ போனார்கள். நான் அவரைப் பருப்பு பிதுக்கக் கற்றுக்கொண்டேன். என் பெயரும் அன்றோடு போய், வீட்டில் எல்லாருக்கும் நான் 'டீச்சர்' ஆனேன்.

பல வருஷம் கழித்து, ரசாயனம் படித்த என் மகன் சொன்னான்: செம்பு மீனுக்கு விஷமாம், புளி போட்டுத் தேய்த்தது இன்னும் மோசமாம். ஓடிப்போய் எல்லாரிடமும் சொன்னேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் கதை அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

அத்தை கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான்தான் கூட இருந்தேன். வெந்நீர் விளாவி உடம்பு துடைத்துவிடுவேன். நான் கொஞ்சம் நகர்ந்தாலும், டீச்சரைக் கூப்பிடு என்பார். ஒருநாள் புதிதாக வந்த நர்ஸ் மரியாதையாகக் கேட்டாள்: "எந்த ஸ்கூல்ல வேலை பாக்குறீங்க மேடம்?"

கட்டிலைச் சுற்றி நின்ற என் வீட்டார் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மூச்சு வாங்க வாங்க அத்தையும் சிரித்தார். நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.