வயிற்றுக்குள் ஒரு தொழிற்சங்கம்

புதுச்சேரியில் தன் வயிற்றுக்குள் தொழிற்சங்கம் நடத்திய ஒரே மனிதர் ஜிந்தாபாத்தான். வீட்டில் வைத்த பெயர் வேறு. தட்டாஞ்சாவடியில் நான் மேனேஜராக இருந்த பாத்திரத் தொழிற்சாலையில் அவர் பாலிஷ் பிரிவுத் தொழிலாளி, சங்கத் தலைவர். கேட்டில் நின்று "ஜிந்தாபாத்" என்று கோஷம் போட்டால் என் மேசையில் டீ தளும்பும்.

எங்களுக்குள் தீராத சண்டை ஒன்றுதான். காண்ட்ராக்டில் ஆள் எடுக்காதே, எடுத்தால் பெர்மனென்ட் ஆக்கு என்பார். நான் கடைசி வரை மசியவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் என்று தெரிந்தது. பாலிஷ் தூசியும் பீடியும் சேர்ந்து செய்த வேலை. முழுதாகக் குணமாகாது, கட்டுக்குள் வைக்கலாம் என்று டாக்டர் தினமும் உறிஞ்ச இன்ஹேலர் கொடுத்தார். கூடவே கீரை, பயறு, கேழ்வரகு, மோர் சாப்பிடச் சொன்னார். குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் நார்ச்சத்தைத் தின்று உண்டாக்கும் பொருள்கள் ரத்தத்தில் கலந்து நுரையீரலின் அழற்சியைத் தணிக்கக்கூடும், இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்றாராம். அந்தக் கடைசி வரி மட்டும் ஜிந்தாபாத்தின் காதில் ஏறவில்லை.

கருவடிக்குப்பத்தில் உள்ள அவர் வீட்டுக்குப் போனேன். "உள்ள கோடிக்கணக்குல தொழிலாளிங்க இருக்காங்க சார். இத்தினி வருஷம் பரோட்டாவ போட்டே அவங்கள பட்டினி போட்டுட்டேன். மேனேஜர் மாதிரி நடந்துகிட்டேன்" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னார். வயிறு கடமுடவென்றதும் கையைத் தூக்கி, "மீட்டிங் நடக்குது, பேசாதீங்க" என்றார். சிரித்துவிட்டு வந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து அவர் மனைவி போன் செய்தார்.

"இன்ஹேலர தொடவே மாட்டேங்கறாரு சார். அது காண்ட்ராக்ட் ஆளாம். உள்ள இருக்கறவங்க வேலைய புடுங்க வந்திருக்காம். இப்ப கட்டில்லேர்ந்து வாசல் வரைக்கும் நடக்க முடியல. நீங்க வந்து பேசுங்க."

"என் பேச்ச அவரு எப்பம்மா கேட்டாரு?"

"கேக்கமாட்டாரு. ஆனா உங்ககிட்டதான் பேசி முடிப்பாரு."

போனேன். முழங்காலில் கைகளை ஊன்றி, குனிந்து உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் வழக்கம்போல் "ஜிந்..." என்று ஆரம்பித்தார். மீதி வரவில்லை. அந்தக் குரலை எத்தனை காலம் சபித்திருப்பேன். இப்போது மீதியும் வராதா என்றிருந்தது.

நாற்காலியை எதிரில் இழுத்துப் போட்டு, பேச்சுவார்த்தைக்கு உட்காருவதுபோல் உட்கார்ந்தேன்.

"உங்க ஆளுங்களுக்குக் கூழும் கீரையும் எப்பவும் உண்டு. யாரு வேலையும் போவாது. ஆனா மூச்சுக்குழாய விரிக்கறது அவங்க வேலை இல்ல. அதுக்கு இந்த ஆளு வேணும்."

"காண்ட்ராக்ட்னா... ஒத்துக்கமாட்டேன்."

"காண்ட்ராக்ட் இல்ல. இன்னியிலேர்ந்து பெர்மனென்ட்."

"இத... அப்பவே குடுத்திருக்கலாமே சார்" என்று இன்ஹேலருக்குக் கை நீட்டினார்.

இப்போது கொஞ்சம் பரவாயில்லை. காலையில் இருவரும் பெரிய மார்க்கெட்டுக்குக் கீரை வாங்கப் போகிறோம். மீன் கடைகள் பக்கம் வரும்போது அவருக்கு மூச்சு முட்டும். தனக்காக ஒருவர் காத்து நிற்பது அவருக்குப் பிடிக்காது. அதனால் நான் நின்று, வஞ்சிரம் என்ன விலை, சங்கரா என்ன விலை என்று விசாரிக்கிறேன். வாங்காமல் போகிறேன் என்று மீன்காரம்மாவுக்கு என் மேல் கோபம். முட்டைகூடத் தொடாத ஆள் நான். அவருடைய மூச்சு சீராகும் வரை ஒவ்வொரு மீனாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.