நான் திருப்பி அனுப்பிய அறுப்பு மிஷின்

வானிலை படித்தவனிடம் மழை வருமா என்று கேட்காதீர்கள். கேட்டால் பதில் சொல்லிவிடுவான். நான் சொல்லியிருக்கிறேன்.

ஐரோப்பாவின் வடகோடியில், கலைமான் மேய்க்கிற ஓர் ஊரில் இரண்டு குளிர்காலம் ஆராய்ச்சி செய்துவிட்டு, திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருக்கும் எங்கள் கிராமத்துக்குப் பொங்கலுக்கு வந்திருந்தேன். அங்கே பனி கொட்ட வேண்டிய நடுக்குளிரில் இப்போது மழை கொட்டுகிறது. அது தரையோடு உறைந்து இறுகிவிட, அடியிலிருக்கும் பாசி எட்டாமல் மான்கள் பட்டினியில் சாகின்றன. "இனிமேல் காலத்தை நம்ப முடியாது" என்று மேய்ப்பவர்கள் புலம்பியதை எழுதித்தான் பட்டமே வாங்கினேன். (ஊரில் இறங்கியும் கம்பளித் தொப்பியைக் கழற்றவில்லை. அவ்வளவு பவிசு.)

போகிக்கு முந்தின நாள் அறுப்பு மிஷின் சித்தப்பாவின் வயலோரம் வந்து நின்றது. வரிசைப்படி ஊர் ஊராகப் போகிற மிஷின் அது. முறையை விட்டால் போச்சு. சித்தப்பாவுக்கு வருஷத்துக்கு அந்த ஒரு போகம்தான். கதிரில் இன்னும் லேசாகப் பச்சை இருந்தது.

"இன்னாடா, கெயக்கால மூடிகினு கீது. இன்னிக்கே அறுத்துடலாமா? மழையப் பத்தி பட்ச்சிட்டு வந்துகிற, நீயே சொல்லு" என்றார் சித்தப்பா.

நான் வானத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தை பொறந்தா மழை ஏது சித்தப்பா? பருவமழை முடிஞ்சிடுச்சி. பொங்கல் கழிச்சி அறுத்துக்கலாம்."

"அண்ணாத்த, நான் போய்ட்டா திரும்பி வர பத்து நாளாவும்" என்றார் மிஷின்காரர்.

சித்தப்பா என் தொப்பியைப் பார்த்தார். "புள்ள சொல்றான் இல்ல. நீ கெளம்புப்பா."

பொங்கலன்று பானை பொங்குமுன் மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடவில்லை. நெல் மொத்தமும் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது. சித்தி முளைத்த கதிர் ஒன்றைக் கொண்டுவந்து என் லேப்டாப் மேல் வைத்துவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காலம் கெட்டது மான் மேய்க்கிறவர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்த முட்டாள் நான்.

அடுத்த வருஷம் சித்தப்பா பயிர் வைக்கவில்லை. வயலில் இப்போது மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக் கற்கள் நிற்கின்றன. அவர் ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக்கு வாட்ச்மேன்.

இன்றும் வீட்டில் துணி காயப்போட்டால், "அவன கேளு. மழ வராதுன்னா உடனே உள்ள எடுத்துடு" என்பார்கள். முதலில் சிரிப்பவர் சித்தப்பாதான். போன பொங்கலுக்குப் பானையில் போட அவர் வாங்கிவந்தது கடை அரிசி.