சம்பந்தியம்மா கரை திரும்பிய விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நான், என் வீட்டுக்காரி, உங்கள் மருமகளான என் மகள், என் மாப்பிள்ளையான உங்கள் இளைய மகன் ஆகிய நால்வரும் சௌக்கியம். சம்பந்தியம்மாவும் சௌக்கியம்தான். அவர்களுக்கு மட்டும் ஏன் தனி வாக்கியம் என்று தாங்கள் யோசிப்பீர்கள். அந்தத் தனி வாக்கியத்தை விளக்கத்தான் இந்தக் கடிதம். பதற வேண்டாம். எலும்பு எதுவும் முறியவில்லை. சேதம் என்று பார்த்தால் ஒரு மூக்குக்கண்ணாடி, அதுவும் என் வீட்டுக்காரியுடையது. போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் பேசும்போது உங்கள் குரல் மாறினால் என்னால் தாங்க முடியாது. காகிதத்துக்குக் குரல் கிடையாது.

மூத்த மகன் அச்சகத்தை வேறு கட்டடத்துக்கு மாற்றுகிறான், கூட இருக்க வேண்டும் என்று தாங்கள் மூன்று மாதத்துக்குக் கிளம்பியபோது, பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்து, "வீட்டைப் பார்த்துக்கோங்க" என்றீர்கள். வீடு என்றால் செங்கல் மட்டும் இல்லை என்று புரிந்துகொள்கிற அளவுக்கு எனக்கும் புத்தி உண்டு. ஒழுகுகிற குழாய்க்கு வாஷர் போட்டேன், கதவுக் கீலுக்கு எண்ணெய் விட்டேன், வாரம் ஒரு கடிதம் எழுதினேன். எல்லாக் கடிதத்திலும், "சம்பந்தியம்மா காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்கிறார்கள்" என்று ஒரு வரி இருக்கும். பொய் இல்லை. என்னிடம் சொல்லப்பட்டதை அப்படியே எழுதினேன். மூட்டு வலிக்கு நடக்கச் சொன்னார் டாக்டர் என்று என் வீட்டுக்காரியும் சம்பந்தியம்மாவும் நம் பெண்ணும் தினம் ஆறு மணிக்குப் பழைய நீர்த்தேக்கத்துப் பக்கம் கிளம்பிப் போவார்கள், எட்டரைக்குத் திரும்புவார்கள். நடக்கப் போனவர்கள் தலை நனைந்து திரும்புவதை நான் கவனித்தேன். வியர்வை என்று நினைத்தேன். என்னைத் திட்டாதீர்கள்.

சந்தேகம் வந்தது ஒரு பாயால். ஒரு நாள் எங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிடும்போது என் வீட்டுக்காரி, "பாய் இன்னும் கொஞ்சம் சின்னதா இருந்தா எனக்கு வசதியா இருக்கும்" என்றாள். "வீட்ல ரெண்டு கட்டில் இருக்கு, உனக்கு எதுக்குப் பாய்?" என்றேன். மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பிறகு சிரித்த சிரிப்பில் சம்பந்தியம்மாவுக்குப் புரையேறி, நான்தான் எழுந்து தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் கீழ்வீட்டு லிஃப்ட் மெக்கானிக் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, "சார், உங்க பால்கனில யாரோ கையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கறாங்க, தலையக் காணோம்" என்றார். ஓடிப் போய்ப் பார்த்தால் கறுப்பு ரப்பரில் முழுக்கை முழுக்கால் வைத்த மூன்று உடுப்புகள், கொடியில் காய்கின்றன. அதற்கு மேல் மறைக்க முடியாமல் நம் பெண்தான் உட்கார வைத்துச் சொன்னாள்.

விஷயம் இதுதான். நீர்த்தேக்கத்தின் கரையில் பாய்ப்பலகைக் கிளப் ஒன்று இருக்கிறது. விண்ட்சர்ஃபிங் என்கிறார்கள். பலகைமேல் ஏறி நின்று, அதில் நட்ட பாயைக் கையால் பிடித்து, காற்று போகிற போக்கில் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும். வருடா வருடம் பொழுதுபோக்குக்காரர்களுக்கு ஒரு போட்டி. அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு ஒரு சுற்று, மூன்று மிதவையைச் சுற்றி வந்து மணிக்கட்டுப் பட்டையை அடுத்தவர் கையில் மாட்ட வேண்டும். ஆண்கள் அணி, கலப்பு அணி, பெண்கள் அணி எல்லாம் ஒன்றாகவே புறப்படும். ஆனால் நாலு பெண்கள் அணியாவது பந்தயத்தை முழுசாக முடித்தால்தான் பெண்களுக்கென்று தனிக் கோப்பை. மூன்று வருடமாக மூன்று அணிதான் சேர்ந்ததாம். கோப்பை கிளப்பின் கண்ணாடி அலமாரியிலேயே பூட்டிக் கிடக்கிறது. அங்கே கற்றுக்கொடுக்கிறவர் தொழிலால் பல்செட் கட்டுகிறவர். நடந்துகொண்டிருந்த நம் மூவரையும் அவர்தான் மடக்கியிருக்கிறார்.

"பேருக்குத்தான்பா. நாலாவது டீம்னு ஒண்ணு இருந்தாப் போதுமாம்" என்றாள் மகள்.

"பேருக்குத்தான்னா பேரை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கலாமே? ஆளு எதுக்குத் தண்ணிக்குள்ள?"

"முடிக்கணும்பா. அதான் ரூல்."

சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். இருபத்தாறு வருடம் மருந்துக்கடையில் மாத்திரை எண்ணிக் கொடுத்தவர்கள், என் வீட்டில் இதுவரை குரல் உயர்த்தி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நான் இப்ப நிக்கறேண்ணா" என்றார்கள். "எங்கே நிக்கறீங்க?" என்றேன். "பலகை மேல. விழாம" என்றார்கள். அந்த முகத்தைப் பார்த்தபின் தடை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அது என் முதல் குற்றம்.

போன ஞாயிற்றுக்கிழமை போட்டி. பதினாலு அணி. நான் குடிநீர் இலாகாவில் முப்பத்தொரு வருடம் வரைபடம் போட்டவன், எழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்று என்னைக் கரையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, திரும்பி வரும் பாயின் எண்ணைக் குறிக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். நம் எண் பதினாலு. முதல் சுற்று நம் பெண். ஆறாவதாக வந்தாள், சம்பந்தி! பதினாலு என்று நான் அழுத்தி எழுதியதில் பென்சில் முனையே ஒடிந்தது. இரண்டாவது என் வீட்டுக்காரி. தாங்கள் அறிந்தபடி அவள் தலைமையாசிரியை. முதல் மிதவைக்குள் ஐந்து தரம் விழுந்தாள், மூன்றாவது தரத்தோடு கண்ணாடி போயிற்று. இரண்டாவது மிதவையில் உடற்பயிற்சிக்கூடத்துப் பையன்கள் அணியும் இன்னும் இரண்டு ஆண்கள் அணியும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தன. இவளுக்கு யார் எவர் என்று தெரியாது, மங்கலாக ஒரு கூட்டம் தெரிந்திருக்கிறது. கூட்டம் தெரிந்தால் அவளுக்கு வாய் சும்மா இருக்காது. "யாருப்பா அது இடிக்கறது? ஒவ்வொருத்தரா வாங்க. நீலச் சட்டை, நீ பின்னால போ!" என்று போட்ட அதட்டல் கரை வரை கேட்டது. நீலச் சட்டை பின்னால் போனார். "மேடம் சொன்னதும் கை தானா எறங்கிடுச்சு சார்" என்று பிறகு என்னிடமே வந்து சொன்னார். வரிசை போட்டு எல்லோரையும் அனுப்பிவிட்டு இவள் கடைசியாக வந்தாள்.

மூன்றாவது சம்பந்தியம்மா. பட்டையை மாட்டிக்கொண்டு, ஏறுவதற்கு முன் துண்டால் பலகையை ஒரு தரம் துடைத்தார்கள். தண்ணீரில் போகிற பலகையை எதற்குத் துடைக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஏறினார்கள், நின்றார்கள், போனார்கள். முதல் மிதவை அழகாக, இரண்டாவது மிதவை அதைவிட அழகாக. அந்த நேரம் பார்த்துக் காற்று வலுத்தது. மூன்றாவது மிதவையில் திரும்ப வேண்டும். இறங்க வேண்டிய இடத்தில் பஸ் நிற்காமல் போவது போல அவர்கள் நேராகப் போனார்கள். பாய் சின்னதாகி, கைக்குட்டையாகி, எதிர்க்கரையில் பழைய பம்ப் வீட்டருகே ஒரு புள்ளியாக விழுந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், சம்பந்தி.

மற்ற அணிகள் ஒவ்வொன்றாக முடித்தன. தபால்காரப் பெண்கள் மூவர், மூன்று வருடமாகப் பெண்களில் முதலாவதாக வந்தும் கோப்பையைத் தொடாதவர்கள், இந்தத் தடவை மொத்தத்திலேயே மூன்றாவது. ஈர உடையைக்கூட மாற்றாமல் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கிளப் தலைவர் கடிகாரத்தைப் பார்த்து, "ரெண்டு மணி வரைக்கும் டைம் இருக்கு" என்றார். நான் பென்சிலை வைத்துவிட்டுப் பல்செட்காரரோடு மீட்புப் படகில் ஏறினேன்.

அங்கே சம்பந்தியம்மா பலகையின் இரு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பாய் தண்ணீரில் படுத்திருந்தது. என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல், "வணக்கம் சம்பந்தியம்மா" என்றேன்.

"வாங்கண்ணா. வெயில்ல எதுக்கு வந்தீங்க? சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடு கெடக்கட்டும்மா. படகுல ஏறிடுங்க. சம்பந்திக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"மீட்புப் படகையோ அதோட கயித்தயோ தொட்டா நாங்க அவுட்டுண்ணா. நாங்க அவுட்டுன்னா மூணு டீம்தான். அந்தப் பொண்ணுங்களுக்கு மறுபடியும் ஒண்ணும் கெடயாது."

"கை நடுங்குதேம்மா."

"நடுங்குது. அது பாட்டுக்கு நடுங்கட்டும். கடையில கூட்டம் நெருக்கினாலும்தான் நடுங்கும். அதுக்காக என்னிக்காவது மாத்திரைய மாத்திக் குடுத்திருக்கேனா?"

பல்செட்காரர், எதிர்க்காற்றில் நேராக வர முடியாது, இடமும் வலமுமாகக் குறுக்கே குறுக்கே வெட்டித்தான் வர வேண்டும் என்று விளக்கினார். அவர்கள் மருந்துச் சீட்டு வாசிக்கிற கவனத்தோடு கேட்டுக்கொண்டார்கள். வெயிலுக்கு என் தொப்பியையாவது கொடுப்போம் என்று நான் எழுந்தேன். கைக்கு எட்டவில்லை. "இங்க இடுப்பளவுதான், மேப்பு நானே போட்டது" என்று சொல்லிவிட்டுப் படகிலிருந்து காலை எடுத்து வைத்தேன். நான் வரைந்தபோது இடுப்பளவுதான் சம்பந்தி. நான் ஓய்வு பெற்ற பிறகு தூர் வாரியிருக்கிறார்கள். எனக்கு யாரும் தெரிவிக்கவில்லை. தொப்பி மேலே, நான் கீழே. என் சட்டைக் காலரை ஒரு கை பிடித்து மேலே இழுத்தது. சற்று முன் நடுங்கிய கை. "அண்ணா, கண்ணத் தொறங்க, ஒண்ணும் இல்ல, மூச்ச விடுங்க" என்று குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார்கள். பல்செட்காரர் என்னை மூட்டையாகத் தூக்கிப் படகில் போட்டார். அன்றைக்கு முழுக்க அந்த மீட்புப் படகு மீட்டது ஒரே ஒரு ஆளைத்தான்.

அதற்குப் பிறகு சம்பந்தியம்மா பாயைத் தூக்கி நிறுத்தினார்கள். இடம், வலம், விழுதல், எழுதல், மறுபடி இடம், விட்டுப்போன மூன்றாவது மிதவையையும் சுற்றிக்கொண்டு. தபால்காரப் பெண்கள் கரையோரமாகவே அவர்களுக்கு இணையாக நடந்து வந்தார்கள். படகு என்னைக் கரையில் இறக்கிவிட்டதும், கண்ணாடி இல்லாத என் வீட்டுக்காரி, "எங்கேங்க, எங்கே வர்றாங்க" என்று என் ஈரக் கையைப் பிடித்துக்கொள்ள, "விழுந்துட்டாங்க... எழுந்துட்டாங்க... இப்ப வலது பக்கம்" என்று நான் பல் கிடுகிடுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஐம்பத்தைந்து நிமிடம். ரெண்டு மணிக்கு ஒன்பது நிமிடம் இருக்கும்போது பட்டையைக் கழற்றி நடுவர் கையில் கொடுத்தார்கள். பதினாலில் பதினாலாவது. பெண்களில் நாலாவது.

அலமாரிப் பூட்டு மூன்று வருடத் துருவில் திறக்க மறுத்தது, எண்ணெய் விட்டுத் திறந்தார்கள். மொத்தத்திலும் மூன்றாவது, பெண்களிலும் முதலாவது, ஒரே அணிக்கு ரெண்டு பரிசா என்று உடற்பயிற்சிக்கூடத்துப் பையன் ஒருவன் முணுமுணுத்தான். "நீங்களும் முன்னாடி வாங்க தம்பி, உங்களுக்கும் கை தட்டறோம்" என்றாள் என் வீட்டுக்காரி. அதோடு முடிந்தது அந்தப் பேச்சு. தபால்காரப் பெண்கள் கோப்பையை வாங்கி நேராகச் சம்பந்தியம்மாவிடம் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். இவர்கள் அதைக் கொஞ்ச நேரம் ரெண்டு கையாலும் பிடித்திருந்துவிட்டு, "கனமா இருக்கே. பத்திரமா எடுத்துட்டுப் போங்கம்மா" என்று திருப்பிக் கொடுத்தார்கள். பிறகு புல்லில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார்கள். நான் திரும்பி நின்றுகொண்டேன். என் வீட்டுக்காரிக்குக் கண்ணாடி இல்லை. ஆகவே யாரும் பார்க்கவில்லை.

இப்போது என் விண்ணப்பம். நேற்றைய செய்தித்தாளில் படம் வந்துவிட்டது. முன்னால் கோப்பை, பின்னால் கம்பளியில் சுற்றிய நான். கீழே, "மீட்கப்பட்ட முதியவர்" என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு அறுபத்தொன்று. அது தங்கள் கண்ணில் படுவதற்குள் உண்மை தெரிய வேண்டும் என்றே அவசரமாக எழுதுகிறேன். மூவரும் அடுத்த பருவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் வாயைத் திறந்தால், "நீங்க மொதல்ல நீச்சல் கத்துக்கோங்க" என்கிறார்கள். தாங்கள் பெரியவர்கள், பக்குவமாக ஒரு வார்த்தை எழுதினால் சம்பந்தியம்மா கேட்பார்கள். அவர்கள் நின்றுவிட்டால் மற்ற இருவரும் தானாக நின்றுவிடுவார்கள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ள வேண்டாம்.

மூத்த மகனுக்கும் மருமகளுக்கும் என் அன்பு. புது அச்சகம் ஓய்வில்லாமல் ஓடட்டும். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வேளைக்குச் சாப்பிடுங்கள். என் கவனக்குறைவைப் பொறுத்தருள வேண்டும்.

இப்படிக்கு,
தலை காய்ந்தும் மனம் காயாத
தங்கள் சம்பந்தி

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மருமகளான என் மகள் வந்தாள். வாங்கி வாசித்தாள். நடுவில் இரண்டு தரம் உட்கார்ந்து சிரித்தாள். போட்டியன்று புறப்பாட்டிலிருந்து கடைசி வரை மாப்பிள்ளையின் போன் வழியாகத் தாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தீர்களாமே? நான் மூழ்கியது மட்டும் தூரத்தில் தெளிவாகத் தெரியவில்லை என்று வருத்தப்பட்டீர்களாமே? அடுத்த பருவத்துக்குக் கலப்பு அணி ஒன்றும் சேர்க்கிறார்கள் என்று ஒரு படிவத்தை நீட்டினாள். தலைவி சம்பந்தியம்மா. அடுத்த வரியில் தங்கள் பெயர், சம்மதம் போன வாரமே வந்துவிட்டதாம். அதற்கும் அடுத்த வரியில் என் பெயர். "இத்தனை நாளா என்கிட்ட ஏம்மா ஒருத்தரும் சொல்லல?" என்றேன். "மாமாதான் வேண்டாம்னாரு. சொன்னா நீங்க உடனே உக்காந்து லெட்டர் எழுத ஆரம்பிச்சுடுவீங்களாம்" என்றாள். ஆகவே மேலே உள்ள எதையும் தாங்கள் படிக்க வேண்டாம், யாருக்கும் புத்தி சொல்லவும் வேண்டாம். படிவத்தில் என் பெயருக்கு நேரே கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. பேனாவும் கையிலேயே இருந்தது.