அண்டாவை முன்னால் வைத்த விமர்சனம்

செப்டம்பர் பதினான்காம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி நாற்பது நிமிடம். உள்முற்றத்து வளவுத் தூணில் தொங்கும் வெப்பமானி முப்பத்தாறு டிகிரி காட்டியது. மூன்று நாளாகக் கூடிக்கூடிக் கலைந்த மேகம் அன்றும் ஏமாற்றிவிட்டது. சரியாக அந்த நிமிடத்தில்தான் காரைக்குடியில் என் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து, தமிழ் ராக் இசை உலகத்தை நான் தலைகீழாகக் கவிழ்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ராக் இசை என்றால் என்ன என்பதே அதற்கு இருபது நாள் முன்புதான் எனக்குத் தெரிந்தது.

என் மாப்பிள்ளை அண்ணாமலைக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறுகளில் கிதார். அவரும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழு. (நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு தலைக்குப் போதுமான முடிதான் இருக்கும்.) ஐந்து வருடம் உழைத்து ஒன்பது பாட்டு செய்திருந்தார்கள். ஒன்பதும் சேர்ந்து ஒரே கதை. கான்செப்ட் ஆல்பம் என்று அதற்குப் பெயராம். செட்டிநாட்டில் ஒரு பெரிய வீடு, அதற்கு நாற்பத்திரண்டு பங்காளிகள், கடைசியில் அந்த வீடு என்ன ஆனது என்பது கதை.

இது எடுபடாவிட்டால் கிதாரை விற்றுவிட்டு வேலையோடு நின்றுவிடுவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். என் மகள் மீனாள் போனில் அழாத குறை.

“அப்பச்சி, கிதார வித்துட்டா இவுக சிரிக்கிறதையும் மறந்துருவாக. ஆல்பத்தப் பத்தி எழுதப் போறவரு ஒருத்தரு, செட்டிநாட்டு வீடு பாக்கணும்னு நம்ம வீட்டுக்கு வாராரு. அவருகிட்ட நல்லதா நாலு வார்த்தை சொல்லுங்க. எண்ணிக்கை மட்டும் சொல்லிராதீக.”

நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவனை எண்ணாதே என்றால் எப்படி? பாட்டைக் கேட்காமல் நல்லது சொல்லவும் மனம் வரவில்லை. மாப்பிள்ளை ஒன்பது பாட்டையும் ஒரு பென் டிரைவில் போட்டு ஏற்கெனவே அனுப்பியிருந்தார். அந்த நேரம் பார்த்து மதுரையில் கண் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டதால், திரும்பி வந்த பிறகுதான் கேட்டேன். ஒரு கண்ணில் கட்டு, மடியில் ஸ்பீக்கர், கையில் டைரி.

முதல் பாட்டு பத்தரை நிமிடம். எடுத்த எடுப்பில் சம்மட்டி அடி. வீட்டை இடிக்கிறார்கள். கதவு, நிலை, தூண் எல்லாம் லாரியில் ஏறுகின்றன. ஒருவர் கத்துகிறார். (மாப்பிள்ளைதான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை, மீனாள் கேட்டிருக்கலாம்.) அடுத்த பாட்டில் பங்காளிகள் சண்டை. அடுத்ததில் வீடு பூட்டிக் கிடக்கிறது. பிறகு பூட்டுத் திறக்கிறது, ஆட்கள் வருகிறார்கள், ஐந்தாவதில் ஒரு கல்யாணமே நடக்கிறது. போகப்போக இரைச்சல் குறைகிறது, பாட்டும் சுருங்குகிறது. ஒன்பதாவது பாட்டு ஒரு நிமிடம் ஐம்பது நொடி. வெறும் பொட்டலில் ஒரு கொத்தனார் முதல் கல்லை வைக்கிறார். ஒற்றைக் கிதார். அவ்வளவுதான்.

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. (சொட்டு மருந்து விட்டு நாற்பது நிமிடம் ஆகியிருந்தது, அதனால் மருந்து அல்ல.) மாப்பிள்ளைக்கு இவ்வளவு மூளை இருக்குமென்று எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கப்பட்டேன். மூன்று தரம் கேட்டேன்.

விமர்சகர் வந்த ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை தன் குழுவோடு கல்லல் பக்கம் ஒரு பாழடைந்த வீட்டில் வீடியோ எடுக்கப் போயிருந்தார். வந்தவருக்கு வயது முப்பது இருக்கும். சென்னை இணைய இதழ்க்காரர். முற்றத்தைப் பதினேழு படம் எடுத்தார். என் மனைவி வள்ளியம்மை பதினோரு வகையோடு இலை போட்டாள். இலையில் கை வைக்குமுன் அவர் கேட்டார்:

“நீங்க ஆல்பத்தைக் கேட்டீங்களா சார்?”

“மூணு தரம். அதுல என்ன அழகுன்னா தம்பி, கதை பின்னாலருந்து முன்னால போகுது. இடிச்ச வீட்டக் கல்லுக் கல்லாத் திரும்பக் கட்டுறாக. கடைசிப் பாட்டுலதான் அஸ்திவாரமே போடுறாக. இப்படி ஒரு துணிச்சல் யாருக்கு வரும்?”

அவர் வலது கையால் எழுதத் தொடங்கினார். இடது கையால் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டார். ஆறு.

“எனக்கும் அப்படித்தான் சார் பட்டுச்சு.”

வியாழக்கிழமை ஆல்பம் இணையத்தில் வெளியானது, கூடவே விமர்சனமும் வந்தது. தலைப்பிலேயே ‘காலத்தைப் பின்னோக்கி இசைத்தவர்கள்’. உள்ளே பாதிக்கு மேல் நான் சொன்னது, ‘முற்றத்து மௌனம்’ என்ற இரண்டு சொல் மட்டும் அவருடையது. (அன்று முற்றத்தில் மௌனமே இல்லை, வள்ளியம்மை மிக்சி ஓட்டிக்கொண்டிருந்தாள்.) அதைப் பார்த்து இன்னும் மூன்று பேர் எழுதினார்கள். நான்கு விமர்சனத்திலும் ‘பின்னோக்கி’ மொத்தம் இருபத்தாறு தடவை.

மாப்பிள்ளை போன் செய்தார்.

“மாமா, எல்லாரும் பாராட்டுறாக. எதப் பாராட்டுறாகன்னுதான் எங்களுக்குப் புரியல.”

“அடக்கமா இருக்கீக மாப்பிள்ளை. இருக்கட்டும்.”

“இல்ல மாமா. நாங்க கதைய நேராத்தான் சொல்லிருக்கோம். மொதப் பாட்டுல கல்லு வைக்கிறது, கடைசிப் பாட்டுல இடிக்கிறது. கேட்டவுகல்லாம் கீழ எழுதுறாக, விமர்சகருக்குக் காது இல்லையா, காசு வாங்குனாரான்னு. எங்களையும் சேத்துச் சிரிக்கிறாக. கிதாருக்கு ஒருத்தரு வெல கேட்டுட்டுப் போயிருக்காரு.”

போனை வைத்ததும் விமர்சகர் அழைத்தார். “நீங்க சொன்னதை நம்பித்தானே சார் எழுதினேன்?”

“ஒங்களுக்கும் அப்படித்தான் பட்டுச்சுன்னீகளே தம்பி?”

“அன்னைக்கு நான் ஒரு பாட்டுகூடக் கேட்டிருக்கல சார்.”

டைரியைப் புரட்டினேன். மதுரைக்குப் புறப்பட்ட அன்று என் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: ‘மாப்பிள்ளை பாட்டு ஒழுங்குபடுத்தியது, பதினான்கு நிமிடம்.’

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பெண்ணுக்குக் கொடுக்கும் பாத்திரங்களை ஊர் பார்க்கப் பரப்பி வைப்போம். முதலில் அண்டா, அடுத்து குண்டான், அப்படியே சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் கரண்டி. சொந்தத்தில் பத்தொன்பது கல்யாணத்துக்கு நான்தான் பரப்பியிருக்கிறேன். வாசலில் செருப்பைக்கூட அப்படித்தான் அடுக்குவேன். பென் டிரைவைப் போட்டதும் ஸ்பீக்கரில் முதலில் ஒரு நிமிடம் ஐம்பது நொடிப் பொடிப் பாட்டு, கடைசியில் பத்தரை நிமிடப் பாட்டு. கரண்டியை முன்னால் வைத்து அண்டாவைப் பின்னால் தள்ளியிருக்கிறார்களே, பாவம், சின்னப் பையன்கள் என்று நினைத்து, ஒரு பாட்டையும் கேட்காமலே நீளத்தின்படி மாற்றி அடுக்கிவிட்டு மதுரைக்குப் போய்விட்டேன். உலகத்தில் எல்லாவற்றையும் எண்ணுகிறவனுக்குத் தான் செய்த ஒரே காரியம் மூன்று வாரத்தில் மறந்துபோயிற்று.

மறுநாள் மாப்பிள்ளை குழுவினர் நால்வரும் நேரில் வந்துவிட்டார்கள். முன்பக்கத்துக் கூடமான பட்டாலையில் உட்கார வைத்து உண்மையைச் சொன்னேன். மாப்பிள்ளை முகம் கறுத்தது. மாமனார் மாப்பிள்ளை முன்னால் தலைகுனிந்து நிற்பது எங்கள் வீட்டில் அதுவே முதல் தடவை. வள்ளியம்மை கதவுக்குப் பின்னாலிருந்து, “பாத்திரத்தப் பரப்புன கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டாரு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி முணுமுணுத்தாள்.

“அந்த வரிசையில ஒரு தரம் போடுங்க மாமா” என்றார் மாப்பிள்ளை. குரலில் மரியாதை இருந்தது, பாசம் இல்லை.

போட்டேன். நாற்பத்தொன்பது நிமிடம் ஒருவரும் அசையவில்லை. ஒற்றைக் கிதார் அடங்கியதும் டிரம்ஸ் அடிக்கிறவர்தான் வாயைத் திறந்தார்.

“மச்சான், இதான்டா சரி.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “அஞ்சு வருசம் உக்காந்து யோசிச்சோம் மாமா.”

“எனக்குப் பதினாலு நிமிசம் ஆச்சு மாப்பிள்ளை” என்றேன். (வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.) அவர் சிரித்துவிட்டார். மீனாளுக்குப் போன் போட்டு, கிதாருக்கு விலை கேட்டவரை வர வேண்டாமென்று சொல்லச் சொன்னார்.

ஆல்பம் என் வரிசையில் மறுபடி வெளியானது. நான்கு விமர்சகர்களும் தாங்கள் முன்பே சொன்னதாக எழுதினார்கள். ஐந்தாவதாக ஒருவர் மட்டும், பழைய வரிசையில் இருந்த துணிச்சல் போய்விட்டது என்று வருத்தப்பட்டார். அவரைச் சாப்பிடக் கூப்பிடலாமா என்று கேட்டேன். மீனாள் போனை வைத்துவிட்டாள்.

இன்றும் எங்கள் வீட்டு விசேஷத்தில் நான் பந்திக்கு உட்கார்ந்தால் வள்ளியம்மை முதலில் மோர் ஊற்றுகிறாள், இலையின் மூலையில் உப்பைக் கடைசியில் வைக்கிறாள். கேட்டால், “ஒங்களுக்குப் பின்னாலருந்து போட்டாத்தான புரியும்” என்கிறாள். மாப்பிள்ளையும் ஊருக்கு வரும்போதெல்லாம் கிதாரோடுதான் வருகிறார். பட்டாலையில் ஒரு நாளைக்கு நான்கு மணி நேரம் வாசிக்கிறார்.

அச்சாகிவிட்ட முந்நூறு ஆல்பம் அட்டைகளில் புதிய வரிசையை ஒட்டும் பொறுப்பு என்னுடையது. ஒட்டுத்தாளும், பசையும், விமர்சகருக்குப் போட்ட சாப்பாடும், பிறகு எனக்கு வாங்கிய இரண்டு ஜோடிக் காதடைப்பானும் சேர்த்து, இந்த வகையில் எனக்கு ஆன மொத்தச் செலவு இரண்டாயிரத்து எழுநூற்று முப்பத்தைந்து ரூபாய்.