ஈரச்சாரம் பாஸ் போட்ட வீடு

கண்டியில் எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு வெயில் வரும் என்பதைச் சூரியன் மறந்தாலும் மறக்கும், ஈரச்சாரம் மறக்கமாட்டார்.

அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்று, கலஹாவில் எங்களுக்கு நாலு வீடு தள்ளிக் குடியிருந்தார். எங்கள் பக்கத்தில் யார் கண்டிக்குக் குடிபோக நினைத்தாலும் வீடு பார்க்க முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இடுப்பில் கட்டுகிற சாரம் ஒன்றை நன்றாக நனைத்து, அரைகுறையாகப் பிழிந்து, சீலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். பார்க்கிற வீட்டுக் கொடியில் அதைக் காயப்போட்டு, காய்கிறதா என்று காத்திருந்து பார்த்துத்தான் தீர்ப்பு சொல்வார்.

அந்தப் பை பஸ் முழுக்கச் சொட்டும். "ஐயா, மீனா கொண்டு போறீங்க?" என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டார். "இல்ல, வீடு பாக்கப் போறோம்" என்றார் இவர். கண்டக்டர் பையைத் தாண்டிக் கால் வைத்து அடுத்த சீட்டுக்குப் போனார்.

எனக்குக் கண்டியில் ஒரு கந்தோரில் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். தினமும் கலஹாவிலிருந்து பஸ்ஸில் போய்வந்தால் கைக்குழந்தையைத் தூங்கும்போது மட்டும்தான் பார்க்கலாம். குடிபோகலாம் என்றால் என் மனைவி சரோஜா மறித்துக்கொண்டு நின்றாள்.

"இங்கனா கூப்பிட்ட குரலுக்குப் பத்துப் பேரு ஓடி வருவாங்க. அங்க வந்து பச்சப்புள்ளயோட நாலு செவத்தப் பாத்துக்கிட்டு கெடக்கவா?"

அவள் சொன்னதில் தப்பே இல்லை என்பதுதான் என் கவலை. சனிக்கிழமை ஈரச்சாரத்தைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

முதல் வீடு குளத்துப் பக்கம். வீட்டுக்காரர் எங்களைக் கதிரையில் உட்காரவைத்து, ஜன்னலைத் திறந்தால் குளம் தெரியும் என்று மூன்று முறை சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து ஈரச்சாரம் கொடிக்குப் போய்ச் சாரத்தைத் தடவிப் பார்த்தார்.

"போட்டப்ப இருந்ததவிட இப்ப ஈரமா இருக்கு தம்பி. கொளம் வெளிய இல்ல, வீட்டுக்குள்ளயே இருக்கு. வாங்க போவோம்."

இரண்டாவது வீடு பேராதனை ரோட்டில். என்ன வெயில்! முக்கால் மணி நேரத்தில் சாரம் அப்பளமாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈரச்சாரமோ அதைக் கொடியிலேயே விட்டுவிட்டு, எதிர்த் தேநீர்க் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். வானம் இருட்டி மழை பிடித்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்தெல்லாம் ஓடிவந்து, அவரவர் துணியை மட்டும் அள்ளிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். சாரம் மட்டும் தனியாக நனைந்தது. எடுக்க எழுந்த என்னைப் பிடித்து உட்காரவைத்தார்.

"பொறுங்க தம்பி. டீயக் குடிங்க. இந்த வீடு வேணாம்."

"என்னண்ணே, இவ்வளவு வெயில் அடிக்குதே!"

"வெயில யாரு கொற சொன்னா?" என்றார். மனிதருக்குப் பைத்தியம் முற்றிவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

மூன்றாவது வீடு மறுநாள், கட்டுகஸ்தோட்டையில். சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு பெரிய பலா மரம் வெயில் முழுவதையும் தானே வைத்துக்கொண்டது. சாரத்தைப் போட்டுவிட்டுக் கடைப்பக்கம் போனோம். மழை வந்தது. திரும்பி வந்தால் கொடியில் சாரத்தைக் காணோம்.

"போச்சு! களவு போயிருச்சுண்ணே!" என்றேன்.

அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. தலையில் முக்காடு போட்ட ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஒங்கட சாரமா? ஆருடயோ தெரியா, மழைல நனயுதேன்னு எடுத்தன். அடுப்புக்கு மேல காயப் போட்டிருக்கு. ஈரத்தோட நிக்காம உள்ளுக்கு வாங்களே."

ஈரச்சாரம் என் பக்கம் திரும்பினார். "நாளைக்கே கந்தோருக்குப் பதில் சொல்லிருங்க தம்பி. வெயில் இல்லாட்டி அடுப்புல காயவச்சுக்கலாம். கைப்புள்ளக்காரிக்கு இந்த மாதிரி ஒரு கதவு வேணும்."

இரண்டு நாளும் அவர் எதைக் காயப்போட்டு எதைப் பார்த்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. விஷயத்தைக் கேட்ட சரோஜா பிள்ளையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு, "பலா மரம்னு சொன்னீங்களே, காய்க்குமா?" என்றாள். அந்த மாதமே குடிபோனோம்.

மூன்று மாதம் கழிந்திருக்கும். ஒரு ஞாயிறு மத்தியானம் திடீர் மழை. சரோஜா பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். முதலில் பக்கத்து வீட்டுக் கொடி, அப்புறம்தான் எங்கள் கொடி. அள்ளிக்கொண்டு வந்ததைப் பிரித்தவள், "இது யாரோடதுங்க?" என்றாள். நீலக் கட்டம் போட்ட சாரம், சொட்டச் சொட்ட.

வெளியே பார்த்தேன். பலா மரத்தடியில், மடக்கிய குடையை விரிக்கக்கூட மறந்து, தொப்பலாக நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார் ஈரச்சாரம்.

"அந்தம்மா கொடியில நாந்தான் போட்டேன். பக்கத்து வீட்ட மட்டும் சோதிச்சா போதுமா தம்பி? வந்து குடியேறுனவங்களயும் பாக்கணுமில்ல. பாஸ்!" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே கூட்டிவந்து, கட்டிக்கொள்ள என்னுடைய காய்ந்த சாரம் ஒன்றைக் கொடுத்தோம். தேநீர் குடித்துவிட்டு, அதோடேயே பஸ் ஏறிப் போய்விட்டார். அதை அவர் திருப்பித் தரவில்லை. அவருடையதை நானும் கொடுக்கவில்லை. இன்றைக்கும் எங்கள் கொடியில் அது கிடக்கிறது. மழை வந்தால் நான் முதலில் எடுக்க ஓடுவது அதைத்தான்.