மட்டுப்பா ஹெட்மாஸ்டர்

ஒரு திங்கட்கிழமை காலை, புட்டும் பயறும் சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு, என் வீட்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் தொடங்குவது என்று முடிவு செய்தேன். தலைமையாசிரியர் நான். மாணவர்கள் இரண்டு பேர். இரண்டும் நான் பெற்றவை. உலகத்தில் இவ்வளவு சுலபமான பள்ளிக்கூடம் வேறு இருக்க முடியாது என்று நினைத்தேன். நினைத்த என் தலையில் இடி விழ.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் முஹம்மது ஷரீஃப். ஊர் தேங்காப்பட்டணம். ஷார்ஜாவில் கட்டட சாமான் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடமாக ஸ்டோர் கீப்பர். ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவேன். அந்த நாற்பது நாளும் நான் ராஜா. நெய்மீன் வரும், கோழி வரும், உட்கார்ந்த இடத்துக்குச் சாயா வரும். இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் தங்கச்சி கல்யாணத்துக்கு வந்தேன். கல்யாணம் முடிந்தது. லாக்டவுன் வந்தது. விமானம் நின்றது. நாற்பதாம் நாளோடு என் ராஜ்யமும் முடிந்தது. நூறாவது நாளில் நான் ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் இன்னொரு சாமான் ஆகியிருந்தேன்.

என் மனைவி பாஹிமா, கருங்கல் என்ற ஊர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு டீச்சர். ஜூன் மாதம் அந்தப் பள்ளிக்கூடம் அப்படியே ஃபோனுக்குள் இறங்கிவிட்டது. ஹாலில் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு, அரிசி டின்மேல் ஃபோனைச் சாய்த்து வைத்து, ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துவாள். எங்கள் மகன் ஷஹீர் நாலாம் வகுப்பு. மகள் ஷாஹினாஸ் ஒன்றாம் வகுப்பு. இரண்டுக்கும் வகுப்பு மத்தியானம்தான். அதனால் காலை முழுக்க உம்மாவின் வகுப்பைக் கலைப்பதையே ஒரு பாடமாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். போன வெள்ளிக்கிழமை ஷஹீர் குளித்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டாமல் கழுத்தில் கட்டிக்கொண்டு கேமராவுக்கு முன்னால் பறந்தான். முப்பத்தொரு பிள்ளைகளும் பார்த்தார்கள். அன்றைக்கென்று பள்ளியின் தலைமையாசிரியையான பெரிய டீச்சரும் வகுப்புக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் வகுப்பை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

"இஞ்ச பாருங்க," என்றாள் பாஹிமா. "காலத்த ரெண்டரை மணிக்கூறுதான். அதுக ரெண்டையும் ஒரு அறையில வச்சுப் பாத்துக்கிடுவியளா?"

"பாத்துக்கிடுறதா? படிப்பிச்சே விடுவேன். ஷார்ஜாவுல அறுவது பேரு எனக்க முன்ன வரிசையில நிப்பானுவ, தெரியுமா?"

"அவனுவ சம்பளத்துக்கு நிக்கானுவ."

"என்ன சொல்ல வாற?"

"ஒண்ணும் இல்ல. படிப்பியுங்க."

படுக்கையறையில் வகுப்பு தொடங்கியது. கதவைச் சாத்தினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். தொண்டையைக் கனைத்தேன். ஒரு ஹெட்மாஸ்டருக்கு வேண்டிய எல்லாம் என்னிடம் இருந்தது.

"எலே ஷஹீர், ஏழாம் வாய்ப்பாடு சொல்லு."

"எதுக்கு வாப்பா?"

"எதுக்கா? படிக்கதுக்கு."

"நீங்க ஷார்ஜாவுல ஏழாம் வாய்ப்பாடு வச்சு என்ன செய்விய?"

"சாமான் எண்ணுவேன்."

"அங்க கால்குலேட்டர் இல்லியா?"

"உண்டு."

"பின்ன?"

அந்தப் "பின்ன"வுக்கு இன்றுவரை எனக்குப் பதில் கிடைக்கவில்லை. நான் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவன் ஜன்னல் கம்பியில் ஏறிவிட்டான். ஷாஹினாஸ் கட்டிலுக்கடியில் இருந்தாள். என் நல்ல வெள்ளைச் சட்டையைப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பூனைக்குக் கை நீளம் போதவில்லை என்று மடித்தும் விட்டாள்.

"ஏட்டி, வெளிய வா!"

அவள் தலையை மட்டும் வெளியே நீட்டினாள். என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்:

"வாப்பா, நீங்க எப்பம் திரும்ப ஃபோனுக்குள்ள போவிய?"

சிரிப்பதற்கான கேள்விதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளை. பிறந்ததிலிருந்து என்னை ஃபோன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறாள். கண்ணாடிக்கு வெளியே, இடுப்பில் சாரம் உடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடமாடும் இந்த ஆள் யாரோ நெடுநாள் விருந்தாளி. இந்த இரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே ஒரு விஷயமாவது நான் சொல்லிக்கொடுத்தேன் என்று ஆக வேண்டும், அதற்குப் பிறகுதான் விமானம் ஏறுவேன் என்று அங்கேயே நின்று சபதம் எடுத்தேன்.

சபதம் எடுத்துவிட்டு, மேற்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் திறந்து ஹாலை எட்டிப் பார்த்தேன். அங்கே கண்டதை எப்படிச் சொல்வது? கல்யாணமாகிப் பத்து வருடத்தில் என் மனைவி வேலை செய்வதை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள்ளங்கை அளவு கண்ணாடிக்குள் முப்பத்தொரு முகம். ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு. அதில் பாதிப் பேரின் கேமராவில் தெரிவது நெற்றியும் மின்விசிறியும்தான். பாஹிமா பாட்டுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். நடுவில், குரலை உயர்த்தாமல், "ரெனிஷ், வாயில இருக்க மிக்சர முழுங்கிட்டு வா மக்கா, டீச்சர் நிக்கேன்" என்றாள். நான் குனிந்து பார்த்தேன். ரெனிஷ் என்ற அந்தப் பையனின் கேமரா அணைந்து கிடந்தது! கடிக்கிற சத்தத்திலிருந்தே தின்பது யார், தின்பது என்ன என்று சொல்கிறாள்.

அப்போது அஜின் என்று ஒரு பையன் ஃபோனைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓட ஆரம்பித்தான். வானம், தென்னை, கோழி, கிணறு என்று கண்ணாடிக்குள் எல்லாம் குலுங்கியது. நானாக இருந்தால் அலறியிருப்பேன். அவள் அலறவில்லை. "எல்லாரும் இஞ்ச பாருங்க. அஜின் எத்தன அடி வைக்கான்னு எண்ணுவோமா? ஒண்ணு, ரெண்டு..." முப்பது பிள்ளைகளும் சேர்ந்து எண்ணினார்கள். தன் காலடியை ஒரு வகுப்பே எண்ணுவதைக் கேட்டதும் அஜினுக்கு ஓட்டம் நடையாயிற்று. இருபத்திமூன்றில் நின்றான். "இருவத்தி மூணு! இனி அஜின் திரும்பி வந்து இருக்கதுக்கு எத்தன அடி, அவனே எண்ணட்டும்." அவன் எண்ணிக்கொண்டே வந்து உட்கார்ந்தான். எனக்குப் புல்லரித்துவிட்டது. அறுபது பேரை மேய்க்கிறேன் என்று இந்தப் பெண்ணிடமா பீற்றினேன்?

மத்தியானம் மீன்கறியை ஊற்றிக்கொண்டே அவள் பெருமூச்சு விட்டாள்.

"நீங்க அங்கன இருந்து விளிச்சுப் பேசும்போ இதுக ரெண்டும் எம்புட்டு மரியாதையா இரிக்கும்! தலைய சீவி, கைய கட்டி, படிச்சதெல்லாம் ஒண்ணுவிடாம சொல்லும். இப்பம் பாருங்க."

அவள் பெருமூச்சோடு நிறுத்திக்கொண்டாள். எனக்கு அந்த நொடியில் மின்னல் மாதிரி ஒரு யோசனை உதித்தது. முழுக்க முழுக்க என் யோசனை.

"பாஹிமா, நான் நாளைக்கு மட்டுப்பாவுல போயிருந்து பிள்ளையள வீடியோவுல விளிச்சா என்ன?"

அவள் கரண்டியைக் கீழே போட்டாள். "எனக்கு இது தோணவே இல்ல பாத்தியளா!"

மறுநாள் காலை ஒன்பதரைக்கு மொட்டைமாடிக்கு, அதாவது மட்டுப்பாவுக்கு ஏறினேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நாற்காலி. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே சாரம். பிள்ளைகளுக்கென்று வீட்டில் இருந்த இன்னொரு ஃபோனுக்கு வீடியோ கால் போட்டேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும் வாப்பா!"

இரண்டு குரலும் ஒரே சுருதியில். படுக்கையறைப் பாயில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தன. தலை சீவியிருந்தது. பூனைகூட ஒழுங்காக இருந்தது. ஏழாம் வாய்ப்பாடு கேட்டேன். ஷஹீர் எழுந்து நின்று தடதடவென்று சொன்னான். ஒரே ஒரு இடத்தில்தான் பிழை. ஏழேழு நாற்பத்தெட்டு என்றான்.

"நாப்பத்தி ஒம்பது மக்கா!" என்றேன்.

"ஓ, ஆமா வாப்பா! இப்பம் மனசிலாச்சு!"

அந்த "மனசிலாச்சு" என் காதில் தேனாகப் பாய்ந்தது. என் பிள்ளைக்கு நான் ஒன்றைச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் மட்டுப்பாவில். தினமும் பிள்ளைகள் எல்லாம் சரியாகச் சொல்வார்கள். தினமும் ஒரே ஒரு பிழை வரும். தினமும் அதை நான் பாய்ந்து பிடிப்பேன். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு ஆயிஷா மதிலுக்கு மேல் தலையை நீட்டினாள்.

"காக்கா, எனக்க ரெண்டு பயலுவளையும் ஷார்ஜா கிளாஸ்ல சேத்துக்கிடுங்க. இவனுவளால வீட்டுல இரிக்கப் பொறுதி இல்ல. நீங்க நல்லா படிப்பிக்கியன்னு பாஹிமா டீச்சர் சொன்னாவ."

"காக்கா" என்று அவள் அண்ணன் முறையில் கூப்பிட்டது என்னைத்தான். மட்டுப்பாவில் கருவாட்டுக்குக் காத்திருந்த நாலு காகமும் திரும்பிப் பார்த்தன. கருவாடு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? "நீங்க எப்பிடியும் மேல இருக்கியல்லா" என்று பாஹிமா முதல் நாள் ஒரு முறம் கருவாடு வைத்தாள். இரண்டாம் நாள் மிளகாய். நாலாம் நாள் துவைத்த துணி. ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் காகத்துக்குக் கம்பு. ஹெட்மாஸ்டர் கையில் கம்பு இருப்பது அழகுதானே என்று நானும் இருந்துவிட்டேன்.

கீழே ஹாலில் பாஹிமாவின் வகுப்பு கடிகாரம் மாதிரி ஓடியது. பெரிய டீச்சர் மூன்று தடவை எட்டிப் பார்த்து மூன்று தடவையும் பாராட்டினாராம்.

ஆகஸ்ட் மாதம் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. சிறப்பு விமானம் விடுகிறார்கள், பெயரைப் பதிந்துகொண்டு உடனே கிளம்பு என்றார்கள். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. நான் போய்விட்டால் இந்தப் பிள்ளைகளின் படிப்பு என்ன ஆவது? இரண்டு நாள் யோசித்துவிட்டு, இன்னும் இரண்டு மாதம் லீவு கேட்பது என்று தீர்மானித்தேன். அந்த நல்ல செய்தியை மறுநாள் வகுப்பின் முடிவில் பிள்ளைகளுக்கு அறிவிக்க ஏற்பாடு.

மறுநாள் ஒன்பதாம் வாய்ப்பாடு. ஆயிஷாவின் பையன்களும் இப்போது அதே பாயில்தான்; அவர்களை முதலில் கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கடைசியாக என் மகனைக் கேட்டேன். ஷஹீர் எழுந்து நின்றான்.

"ஓரொம்பது ஒம்பது. ஈரொம்பது பதினெட்டு. மூவொம்பது இருவத்தி ஏழு. நாலொம்பது முப்பத்தி ஆறு. அய்யொம்பது நாப்பத்தி அஞ்சு. ஆறொம்பது அம்பத்தி நாலு. ஏழொம்பது அறுவத்தி மூணு. எட்டொம்பது எழுவத்தி நாலு..."

அங்கே கொஞ்சம் நின்றான். என்னைப் பார்த்தான். பிள்ளை மூச்சு வாங்குகிறான் என்று நினைத்தேன்.

"ம், போ மக்கா, போ!"

"ஒம்பதொம்பது எம்பத்தி ஒண்ணு. பத்தொம்பது தொண்ணூறு."

என் கண் நிறைந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக ஒரு பிழைகூட இல்லை! "மாஷா அல்லாஹ்!" என்று கத்தினேன். காகங்கள் பறந்தன. "மக்கா, இனி உங்களுக்கு வாப்பா சொல்லித்தர ஒண்ணும் பாக்கி இல்ல. ஆனாலும் வாப்பா இன்னும் ரெண்டு மாசம் போகமாட்டேன். தினமும் கிளாஸ் உண்டு!"

"சரி வாப்பா," என்றன இரண்டும். ஷஹீர் ஃபோனைப் பாயில் வைத்தான். அழைப்பை அணைக்க மறந்துவிட்டான். கண்ணாடிக்குள் எங்கள் படுக்கையறை மின்விசிறி நிதானமாகச் சுற்றியது. நானே அணைக்கப் போனபோது பாஹிமா அறைக்குள் வரும் சத்தம் கேட்டது. அவள் வகுப்பும் முடிந்திருந்தது.

"உம்மா, வாப்பாக்கு இன்னைக்குத் தெரியல்ல," என்றான் ஷஹீர்.

"என்னது மக்கா?"

"எட்டொம்பது எழுவத்தி நாலுன்னு சொன்னேன். நீங்க சொன்ன மாதிரியே கொஞ்சம் நின்னு பாத்தேன். போ போன்னு சொல்லிட்டாவ."

"மாஷா அல்லாஹ்னும் சொன்னாவ," என்றாள் ஷாஹினாஸ்.

நான் கம்பைக் கீழே வைத்துவிட்டு விரலை விட்டு எண்ணினேன். எழுபத்திரண்டு.

"எனக்குத்தான் எல்லாம் தெரியுமே உம்மா. நீங்க ராத்திரியே சொல்லித் தாறிய. பின்ன எதுக்கு நான் தினமும் ஒண்ணு தப்பா சொல்லணும்?"

"திருத்துகதுக்கு ஒண்ணு இல்லன்னா வாப்பா கீழ இறங்கி வந்துருவாவ மக்கா. பின்ன எனக்க கிளாஸ் எப்பிடி நடக்கும்?" கொஞ்சம் நிறுத்தினாள். குரல் தணிந்தது. "பதினோரு வருசம் ஒத்தைக்கு அங்கன கிடந்தாவ. எனக்க பிள்ளைக்கு நான் சொல்லிக் குடுத்தேன்னு ஒரு சந்தோஷம் அவியளுக்கும் வேணும்லா?"

கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. வெயிலில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். முப்பத்தொரு பிள்ளைகளுக்குப் பாடம். வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடம். அதற்கு மேல், ஷார்ஜா ஸ்டோர் கீப்பர் ஒருவன் நாள்தோறும் கண்டுபிடிப்பதற்கென்று அவன் அளவுக்குத் தகுந்த ஒரு பிழை. இவளை டீச்சர் என்று மட்டும் சொன்னால் போதுமா? எழுந்து நின்று சலாம் வைக்கத் தோன்றியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபோனைக் காதோடு சேர்த்து வைத்தேன்.

"இனி என்ன செய்ய உம்மா?" என்றான் ஷஹீர்.

பாஹிமா ஒவ்வொரு வாய்ப்பாடாக முணுமுணுத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு ரெண்டாம் வாய்ப்பாட்டுல தப்பு விடு மக்கா. அது வாப்பாக்குத் தெரியும்."