பல்லி பல்லிதான்

வண்டியை விற்பதற்கு முன்னால் தன்னைத்தான் விற்க வேண்டியிருக்கும் என்று அழகுசுந்தரம் காலையில் அறிவித்தார். மனைவி நாகம்மை காப்பியை ஆற்றிக்கொண்டே, "உங்களை யாரு வாங்குவாக?" என்றாள்.

அதோடு பேச்சு முடிந்தது. மாலை ஐந்து மணிக்கு மெக்கானிக் வேல்பாண்டி வந்து ஸ்கூட்டரை எடுத்துப் போவான்.

காரணம் கண். போன வாரம் கல்லல் சாலையில் நின்றுகொண்டிருந்த வைக்கோல் டிராக்டர் போய்க்கொண்டிருப்பதாக நினைத்து அதன் பின்னாலேயே போனார். வைக்கோல் என்பதால் பிழைத்தார். புரை முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யுங்கள் என்றார் டாக்டர். முடியாது என்றார் இவர். நாகம்மை வண்டிச் சாவியைப் பிடுங்கித் தன் அறையில் போட்டுப் பூட்டினாள். இன்னொரு சாவியை அவரே தொலைத்துப் பல வருஷம் ஆகிறது.

அந்த வீட்டில் கல்யாணமாகி வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஓர் அறை உண்டு. அவளுடைய சீர்ச் சாமான் இருக்கும் அறை. அறைச் சாவி அவள் இடுப்பில். புருஷன் வெளியே நின்று கேட்கலாம், கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். அழகுசுந்தரத்தின் அப்பாவும் அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்தான்.

கதவுக்கு மேலே, வெகு உயரத்தில், காற்று போக ஒரு சதுர ஓட்டை. பூனை நுழையாது. பல்லி நுழையும்.

பல்லி அவரிடம் இருந்தது.

மகள் மீனு கோயம்புத்தூரில் இயந்திரம் செய்கிற வேலையில் இருக்கிறாள். போன மாதம் வந்தபோது ஒரு பல்லியைக் கொண்டு வந்தாள். ரப்பர் உடம்பு, எலுமிச்சம்பழத்தின் கனம், கண்ணில் கேமரா, பொருளைக் கவ்வ ஒரு வாய். வயசானவர்கள் ஏணி ஏறி விழக்கூடாது என்று செய்ததாம். போனில் விரலைத் தேய்த்தால் சுவரில் ஏறும்.

"நெசப் பல்லி காலுல கண்ணுக்குத் தெரியாத முடி இருக்கு அப்பச்சி. அதே மாதிரி இதுக்கும். ஒட்டுறது பெருசில்ல, விடுறதுதான் பெருசு. பல்லி நினைச்ச நிமிஷம் விட்டுரும். அதைக் கத்துக்கத்தான் எங்களுக்கு இம்புட்டு வருசம் ஆச்சு" என்று அவர் போனிலும் நாகம்மை போனிலும் அதை ஓட்டுகிற ஆப்பைப் போட்டுக் கொடுத்தாள்.

அழகுசுந்தரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ரப்பரோ இரும்போ, பல்லி பல்லிதான். மேல விழுந்தா தோஷம். நான் தொட மாட்டேன்."

சும்மா சொல்லவில்லை. நிஜப் பல்லி ஒன்று நாகம்மையின் தோளில் விழுந்தபோது, தேவகோட்டையில் அவள் தங்கை சுபா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குக் கார் வாசலில் நின்றது. தலைக்குக் குளித்தால்தான் ஆச்சு என்று நிறுத்தினார். அவள் குளித்துத் தலை துவட்டிப் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது மணி நாலு. "கொப்புடையம்மனைப் பாத்துட்டு வாரேன்" என்று நாகம்மை கிளம்பினாள். தெருக்கோடியில் ஆட்டோ சத்தம் மறைந்ததும் அவர் பல்லியைத் துண்டால் பிடித்துச் சுவரில் ஒட்டினார்.

முட்டைப்பூச்சுச் சுவர், கண்ணாடி மாதிரி வழவழப்பு. பல்லி நின்றது. ஒரு காலை எடுத்தது, வைத்தது. போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகில் கொண்டுபோனார். கதவு நிலையில் செதுக்கியிருந்த லட்சுமியின் மூக்கை மிதித்துக்கொண்டு பல்லி மேலே போயிற்று. கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஓட்டைக்குள் இருட்டு. பிறகு பித்தளைத் தூக்குகள், பர்மா அலமாரி, அதன் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியில் சாவி.

வாசலில் ஏதோ சத்தம். அசையாமல் நின்றார். மாடு.

பல்லி சாவியைத் தட்டியது. சாவி ஆடியது. இரண்டாம் முறையும் தவறியது. மூன்றாவது முறை வாய் மூடிக்கொண்டது. பல்லியைத் திருப்பினார். சாவியை எடுத்ததும் வண்டியோடு தேவகோட்டையில் சிநேகிதர் லட்சுமணன் வீட்டுக்குப் போய்விட வேண்டும். வேல்பாண்டி வந்து வெறும் வாசலைப் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஓட்டையில் தலை தெரிந்தது. நேர் கீழே நின்று துண்டை விரித்தார். பல்லி தலைகீழாக இறங்கியது. பாதிச் சுவர். ஈரம் பூத்த இடத்தை மறைக்க அவரே போன வாரம் சுண்ணாம்பு அடித்திருந்தார். அங்கே வந்ததும் நின்றது. அவர் அண்ணாந்து பார்த்தார்.

பொத்தென்று உச்சந்தலையில் விழுந்தது.

சாவி துண்டில். பல்லி தரையில் மல்லாந்து காலை உதைத்தது. அவர் சாவியை எடுத்து நிமிர்ந்தால், எதிரில் நாகம்மை, கையில் அர்ச்சனைக் கூடையோடு.

"தலையிலயா விழுந்துச்சு?"

"ரப்பர்டி."

"பல்லி பல்லிதான்னு சொன்னது யாரு?"

அவர் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"தலையில விழுந்தா கலகம்னு பஞ்சாங்கத்தைத் தூக்கி எனக்கு வாசிச்சுக் காட்டுனீகளே. குளிக்காம வண்டியில ஏறப் போறீகளா? கண்ணு வேற இந்த லட்சணம்."

உச்சந்தலை சில்லிட்டது. டிராக்டர் ஞாபகம் வந்தது. ஐந்தாக இன்னும் நேரம் இருக்கிறது. நாலு செம்பு தண்ணீர், அவ்வளவுதான்.

"சாவியை நான் கையோட கொண்டுபோறேன்."

"அது பல்லி வாயில இருந்த சாவி. அதோட குளிச்சா குளிச்சதாவா ஆகும்? அங்குட்டு வைங்க. மஞ்சத்தண்ணி தெளிக்கிறேன்."

"நீ எடுத்துக்குவே."

"தீட்டுச் சாவியை நான் தொடுவேனா? கொப்புடையம்மன் சத்தியமா என் கை படாது."

அவள் அம்மன் பெயரில் பொய் சொன்னதில்லை. முற்றத்து மரப்பெட்டி மேல் சாவியை வைத்தார். குளியலறைக் கதவை ஒருக்களித்து வைத்துக் காதைத் தீட்டிக்கொண்டே குளித்தார். முதல் செம்பு. இரண்டாம் செம்பு. கண்ணை மூடிக்கொண்டு சீயக்காய் தேய்த்தபோது வாசலில் ஓர் இருமல் கேட்டது. மனுஷ இருமல் இல்லை. இருபது வருஷமாக அவர் உதைத்து உதைத்துப் பழக்கிய இருமல். இருமி, சீறி, தெருக்கோடியில் திரும்பித் தேய்ந்தது.

ஈரத்துண்டோடு ஓடி வந்தார். பெட்டி மேல் மஞ்சள் தண்ணீர் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

"சத்தியம் பண்ணினியேடி!"

"நான் தொடலையே. வேல்பாண்டி எடுத்தான். ஆட்டோவுல என் கூடத்தான் வந்தான், பாவம், தெருமுனையிலயே நின்னுக்கிட்டிருந்தான்." அவள் பல்லியை நிமிர்த்தி முந்தானையால் துடைத்தாள். "ஆபரேஷன் பண்ணிட்டு வாங்க. மறுநாளே வண்டி வாசலுக்கு வரும். விக்கலை, அவன் ஷெட்டுலதான் நிக்கும்."

அழகுசுந்தரம் மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார். சீயக்காய் கண்ணில் எரிந்தது. சுவரை, அந்த வெள்ளைத் திட்டைப் பார்த்தார்.

"எல்லாம் இந்தச் சுண்ணாம்பால வந்தது. அது மட்டும் வழுக்கி விழாம இருந்திருந்தா..."

நாகம்மை இடுப்பிலிருந்து தன் போனை எடுத்துத் திரையை அவர் கண்ணுக்கு அருகில் பிடித்தாள். அதில், அவள் மறு கையிலிருந்த பல்லியின் கண் வழியாக, ஈரத்தலையோடு அவர் முகமே தெரிந்தது.

"விழுகலைங்க. நான்தான் விட்டேன்."